ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

உள்ளே வா கண்ணு, வாசலில் நிற்காதே. அக்கம்பக்கத்தில் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும், இருந்தாலும் உள்ளே வா. அந்த நாற்காலியில் உட்காராதே, ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்கார். துணியை நான் தள்ளி வைக்கிறேன்.

சாப்பிட்டாயா? பால் இல்லை. வரக்காப்பி வைக்கட்டுமா? வேண்டாமா? சரி.

உன் அம்மா போய்ப் பதினாறு நாள் ஆகிறது. காரியத்துக்கு மயிலாத்தா வரவில்லையே என்று நீ நினைத்திருப்பாய். வந்தேன். உங்கள் வீதி முக்கு வரைக்கும் வந்தேன். உன் அம்மாவின் தையல் மிஷினை வாசலில் எடுத்துப் போட்டு, அதன் மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அமிர்தகனி அக்கா சாவுக்குப் போய் அழாமல் நின்றால் ஊர் என்ன சொல்லும்? வந்துவிடும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. திரும்பிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. அதுவும் ஒரு பயமாய்த்தான் இருக்கிறது.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். திங்கட்கிழமை விசாரணை. கோயமுத்தூர்க்காரர்கள், மருந்துக்கடையில் சரி கொடுத்த பிறகுதான் மாத்திரையைப் பாக்கெட்டில் போட்டோம் என்கிறார்கள். எங்கள் முதலாளி, போட்டது கோயமுத்தூரில், எங்களுக்கு என்ன தெரியும் என்கிறார். திருமூர்த்தி சார், நான் அன்றைக்குக் கடையிலேயே இல்லை என்கிறார். மூன்று பேர் சொல்வதும் பொய் இல்லை. அதுதான் வேடிக்கை. மூன்று பேரும் உண்மையைச் சொல்லி உன் அம்மாவை மட்டும் காணோம்.

எழுதிக்கொள்கிறாயா? எழுதிக்கொள். நான் ஏழாவதோடு நின்றவள், கோர்வையாய் எழுத வராது. நான் சொல்கிறேன், நீ எழுது. கடைசியில் படித்துக் காட்டு. கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்று இப்போதே கேட்காதே. முதலாளி நேற்று இங்கே வந்து, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். பத்தொன்பது வருசத்தில் என் வீட்டுக்கு அவர் வந்ததில்லை.

"ஏம்மா மயிலாத்தா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். செல்லுல வந்ததையெல்லாம் திருமூர்த்தி சார்தான் பாத்தாருன்னு ஒரே வார்த்தை. அவருக்கு எழுபத்தொண்ணு. அவர ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நமக்குக் கடை வேணுமா, வேண்டாமா?" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆப்பிள் இருக்கிறது, தின்கிறாயா?

நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள்தான். படித்துப் பட்டம் வாங்கியவர் திருமூர்த்தி சார். அவர் சர்டிபிகேட்தான் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. முன்பெல்லாம் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரைக்கும் உட்கார்ந்திருப்பார். நான் எடுத்து வைப்பேன், அவர் சீட்டைப் பார்ப்பார், மாத்திரையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். அப்புறம்தான் கையில் கொடுப்பார். வருகிறவர்களுக்கு எரிச்சலாய் இருக்கும். "ஒரு தலவலி மாத்திரைக்கு இத்தன நேரமா சார், மூணு படி ஏறுனா கோயில்ல சாமியவே பாத்துட்டு வந்துருப்பேன்" என்று சண்டை போடுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். மூக்குக்கண்ணாடியை மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே இறக்குவார்.

போன வருசம் அவருக்குக் கண்ணில் ஆபரேசன். திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மாதம் ஒரு நாள் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அப்போதுதான் முதலாளி கோயமுத்தூர்க்காரர்களைப் பிடித்தார். பெரிய இடம். நம்மைப் போல நாற்பது, ஐம்பது கடைகளுக்கு அவர்கள்தான் மாத்திரை போட்டு அனுப்புகிறார்கள். நாங்கள் சீட்டைச் செல்லில் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். அங்கே ஒரு பெண் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மிஷின் ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்டாய்ப் போட்டு, ஷாம்பு பாக்கெட் சரம் மாதிரி நீளமாய் அனுப்பும். ஒவ்வொன்றிலும் தேதி, காலை, இரவு என்று அச்சடித்திருக்கும். பையை ஒட்டி சீல் வைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிடும். எவ்வளவு சுத்தம் தெரியுமா? கைபடாத மாத்திரை. ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வயசானவர்கள் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டால் போதும். குறை சொல்லக்கூடாது. நல்ல ஏற்பாடு.

ஒன்றே ஒன்றுதான். மாத்திரை போடுவதற்கு முன்னால் கடைச் செல்லுக்குப் பட்டியல் வரும். இன்னாருக்கு இன்ன மாத்திரை, இத்தனை நாள், சரியா என்று. பச்சையாய் ஒரு பொத்தான், 'சரி'. அதைக் கடையில் இருக்கிற மருந்தாளுநர் பார்த்து அழுத்தவேண்டும். நாலு மணிக்குள் அழுத்தவில்லை என்றால் அந்தப் பை மறுநாள் பஸ்ஸுக்கு வராது.

முதல் மாதம் எல்லாவற்றுக்கும் திருமூர்த்தி சாருக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு பேராய்ப் படித்துச் சொல்வேன். அவருக்குக் கண் கூசும், பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போகவேண்டும், அங்கே என்ன சத்தமோ. ஒரு நாள் சொன்னார்: "அம்மிணி, நீயே பாத்துக்க. பத்தொம்பது வருசம் நின்னவ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

என்னை அப்படி யாரும் சொன்னதில்லை கண்ணு. என் வீட்டுக்காரர் சொன்னதில்லை, என்னைப் பெற்றவர்கள் சொன்னதில்லை. அன்றைக்கு, பட்டியலைத் திறக்கிற அவருடைய ரகசிய நம்பரைக் கேட்டு வாங்கி, சிறிய சீட்டில் எழுதி, கால்குலேட்டருக்கு அடியில் ஒட்டி வைத்தேன். அதை எழுதுகிறாயா? எழுது. சார் கொடுத்தார் என்று எழுது. நானாய் எடுக்கவில்லை.

அதிகாரி வந்தது ஆடி மாதம். மருந்துக்கடைகளைப் பார்க்கிற அதிகாரி, ஒரு பொம்பளை. சத்தமே போடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே கொடுத்து மாத்திரை போடுவதென்றால் மூன்று காரியம் இருக்க வேண்டும் என்றார். வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி போர்டு வைக்கவேண்டும். சம்மதம் என்று அவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கவேண்டும். பட்டியலை மருந்தாளுநரே பார்க்கவேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

முதலாளி மறுநாளே போர்டு அடித்துவிட்டார். 'உங்கள் மருந்துகள் வேறு இடத்தில் தயாராகி வருகின்றன. விருப்பம் இல்லாதவர்கள் கடையில் சொல்லவும்.' நானே மாட்டினேன். அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்கிறாய். போர்டு இருந்தது கண்ணு. குளுக்கோஸ் டப்பா அடுக்க இடம் இல்லாமல் அதற்கு முன்னால் அடுக்கியிருந்தோம். இருந்தாலும் எட்டிப் பார்த்தால் தெரியும்.

நோட்டு இருந்தது. அக்காவுக்கு விரல் மடங்காது, உனக்குத் தெரியாததா. பிளவுஸ் தைத்துத் தைத்து அப்படி ஆனதா, வியாதி வந்து அப்படி ஆனதா, யார் கண்டார்கள். பேனா பிடிக்கச் சொன்னால் பாவமாய் இருக்கும். அவள் பெயருக்கு நான்தான் போட்டேன். அவளுக்கு மட்டும் இல்லை, வரிசை நீளமாய் இருக்கிற நாளில் எல்லோருக்கும் போட்டுவிடுவேன். ஒத்தாசைதானே. யாரும் ஏன் போட்டாய் என்று கேட்டதில்லை.

மூன்றாவது காரியம்தான். அதை நான் செய்தேன். சாருக்குப் பதிலாய்.

இப்போது உன் அம்மா விசயத்துக்கு வருகிறேன். வருகிறேன், இரு. கதவைச் சாத்திவிட்டு வருகிறேன், புழுதி வருகிறது.

அக்காவுக்கு மூட்டு வியாதி. மூன்று வருசமாய் ஒரே சீட்டு. வெள்ளை மாத்திரை தினமும், மஞ்சள் மாத்திரை ஞாயிற்றுக்கிழமை மட்டும். வாரத்துக்கு ஒரே நாள். திருமூர்த்தி சார் இருந்தபோது மஞ்சளைத் தனி உறையில் போட்டு, ஞாயிறு என்று மேலே எழுதித்தான் தருவோம். தரும்போது ஒவ்வொரு மாதமும் சார் சொல்வார்: "ஞாயித்துக்கெழமைங். மறந்தா திங்கக்கெழமை சாப்புடுங். தினமும் மட்டும் கூடாதுங். தினமும் சாப்புட்டா இது மருந்தில்லீங்க, வெசமுங்." அக்கா சிரிப்பாள். "ஏஞ் சார், வாரம் ஒருக்கா கறி எடுக்கற மாதிரி வாரம் ஒருக்கா இது. எனக்கென்ன மறக்குமா?" என்பாள்.

சார் போன பிறகும் அவளுக்கு மட்டும் நானே கடையில் அப்படிப் போட்டுத் தந்தேன், இந்தத் தடவைதான் அவள் சீட்டும் கோயமுத்தூருக்குப் போனது. கோயமுத்தூர் கம்ப்யூட்டரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான். கிழமைக்குக் கட்டம் கிடையாது என்று இப்போது சொல்கிறார்கள். அந்தப் பெண் காலைக் கட்டத்தில் போட்டுவிட்டாள். ஆனால் சந்தேகம் வந்திருக்கிறது. அதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் பாவம். அந்த மாத்திரையின் பெயரைப் போட்டு, 'தினமும் காலை, முப்பது நாள், சரியா?' என்று சிவப்பு எழுத்தில் கேட்டு அனுப்பியிருந்தாள். செல்லில் இப்போதும் இருக்கிறது. முதலாளி அழிக்கச் சொன்னார். எனக்கு அழிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும்.

வியாழக்கிழமை. மூன்றே முக்கால். பட்டியலில் பத்தொன்பது பேர். முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், எல்லாம் காய்ச்சல் கேஸ். ஒரு பெரியவர், வயசானவர்கள் கட்டுகிற நாப்கின் அளவு சரியில்லை என்று பிரித்த பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை. "பிரிச்சத வாங்க மாட்டோமுங்க" என்றால், "பிரிக்காம எப்படிம்மா போட்டுப் பாக்கறது, நீ கட்டிப் பாத்துச் சொல்றயா?" என்கிறார். கடையே சிரிக்கிறது. ஒவ்வொன்றாய் அழுத்த நேரம் இல்லை. மேலே ஒரு பொத்தான் இருக்கிறது, 'அனைத்தும் சரி.' அதை அழுத்தினேன்.

சிவப்பாய் ஒன்று இருந்தது. பார்த்தேன். பார்த்தது வேறு, படித்தது வேறு.

இதுதான் கண்ணு. இதற்குமேல் என் மேல் என்ன இருக்கிறது? அந்தப் பெண் போட்டாள், நான் அழுத்தினேன், மிஷின் அடைத்தது, பஸ் கொண்டுவந்தது. சாரும் பார்க்கவில்லை. முதலாளிக்கும் தெரியாது. எத்தனை கை மாறி வந்த பை. என் ஒரு விரல்தான் தெரிகிறதா எல்லோருக்கும்?

பையைக் கொடுத்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லையா என்கிறாய்.

அது எதற்கு இதில்? அது நாங்கள் சாதாரணமாய்ப் பேசிக்கொண்டது.

கேட்டாள். சனிக்கிழமை காலை வந்தாள். பையை வாங்கி, அங்கேயே பிரிக்கச் சொன்னாள், அவளுக்குத்தான் விரல் வராதே. நான் பிரித்துச் சரத்தை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிளவுஸுக்கு நூல் பொருந்துகிறதா என்று பார்ப்பாளே, அப்படி. "ஏன் மயிலா, எல்லாப் பாக்கெட்லயும் மஞ்சக் கெடக்குது? ஞாயித்துக்கெழம மாத்தர தனியா வருமல்லோ?" என்றாள்.

"டாக்டர் மாத்தியிருப்பாருங்க்கா. படிச்சவங்க போட்டது. போட்டிருக்கறபடியே சாப்புடுங்க" என்றேன்.

"அப்படியா? நீ சொன்னாச் சரி" என்றாள்.

எழுதிவிட்டாயா? எழுது, எழுது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சீல் பிரித்த பையைத் திருப்பி அனுப்பினால் கடைக்குக் கெட்ட பெயர் கண்ணு. ஏன் பிரித்தீர்கள், யார் பிரித்தது என்று ஆயிரம் கேள்வி. அவளுக்கும் மாத்திரை இல்லாமல் நாலு நாள் போய்விடும், வலியில் துடிப்பாள். அவளுக்காகத்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். வாயெல்லாம் புண். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். நான் உடனே வாய்ப்புண் மாத்திரையும் தடவுகிற மருந்தும் எடுத்துக் கொடுத்தேன். "சூடுங்க்கா, மோர் குடிங்க, இளநி குடிங்க" என்றேன். கடைக் கூட்டத்தை விட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அந்த அளவுக்கு யார் செய்வார்கள்? "பழைய மாத்தரய நிறுத்தட்டுமா மயிலா?" என்று ஆட்டோவில் உட்கார்ந்து கேட்டாள். "அதை நிறுத்தீராதீங்க, கை மறுபடி வீங்கிக்கும்" என்றேன்.

அப்புறம் காய்ச்சல், ஆஸ்பத்திரி, ரத்தத்தில் அணுவே இல்லை என்று சொன்னது, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீதானே பக்கத்தில் இருந்தாய். இங்கே ஊருக்குள் மாத்திரையால்தான் என்று சேதி வந்தது அவள் படுத்த மூன்றாம் நாள். அன்றைக்கும் மூன்றரைக்குப் பட்டியல் வந்தது. பதினாலு பேர். சரி கொடுத்தேன். மறுநாள் இருபத்திரண்டு. சரி கொடுத்தேன். என்ன செய்யச் சொல்கிறாய், பஸ் போய்விடும். கடைக்கு நோட்டீஸ் வந்து பூட்டுகிற வரைக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். படித்துப் பார்த்தா என்று கேட்காதே. அந்த வாரம் எனக்கு எழுத்தே தெரியவில்லை.

என்ன கண்ணு, பேனாவை வைத்துவிட்டாய்? தண்ணீர் குடி. சொம்பில் இருக்கிறது. மெதுவாய்.

நீ அழு. பரவாயில்லை, அழு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

முதலாளி சொன்னதைச் சொன்னால் எனக்கு வேலை இருக்கும். திருமூர்த்தி சாருக்குச் சர்டிபிகேட் போகும், கேஸ் வந்தால் அவர் மேல்தான் வரும். நீ எழுதியதில் கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை போகும். வேலையோடு நிற்குமா, கேஸ், ஜெயில் என்று மேலேயும் போகுமா, தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் தறிக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார். வந்தால் ஆப்பிள் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்.

சரி, படி. என்ன எழுதியிருக்கிறாய் என்று படி. அவசரம் வேண்டாம். ஒவ்வொரு வரியாய்.

ம்... என் பெயர், ஊர். சரி. ரகசிய நம்பர், சார் கொடுத்தது. சரி. போர்டு... டப்பாவை எழுதியிருக்கிறாயே. சரி, இருக்கட்டும், இருந்ததுதானே. நோட்டில் கையெழுத்து நான் போட்டது. ம். அனைத்தும் சரி பொத்தான், சிவப்பு எழுத்து. ம். படி.

'எல்லாப் பாக்கெட்டிலும் மஞ்சள் மாத்திரை இருக்கிறதே என்று என் தாயார் அமிர்தகனி கேட்டதற்கு, மேற்படி மயிலாத்தாள் தெரியாமல், போட்டிருக்கிறபடியே சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.'

நிறுத்து.

'என் தாயார்' என்று வருகிறது. சொல்வது நான். 'அமிர்தகனி என்னிடம் கேட்டதற்கு' என்று மாற்று. 'மேற்படி மயிலாத்தாள்' என்பதை 'நான்' ஆக்கி, 'சொல்லிவிட்டேன்' என்று போடு.

மாற்றிவிட்டாயா? இன்னொன்று. 'தெரியாமல்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை நான் சொன்னேனா? நான் சொல்லவில்லை. நீயாகப் போட்டிருக்கிறாய். உன் அம்மா மாதிரியே உனக்கும் மனசு. என்னைத் தப்பவைக்கப் பார்க்கிறாயோ, என்னவோ. அதை அடித்துவிடு.

மூன்று வருசம் கண்ணு. சார் இருந்த வரைக்கும் மாதம் ஒருமுறை அவர் என் பக்கத்தில் நின்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். சாருக்குத் தமிழ் எழுத்து கோணலாய் வரும், அக்காவுக்கு அதைப் படிக்க வராது என்று, அந்த உறை மேல் ஞாயிறு என்று எழுதியதே நான்தான். ஒவ்வொரு மாதமும், நான்தான், சிவப்புப் பேனாவில். அன்றைக்கு அவள் சரத்தைத் தூக்கிப் பிடித்தபோது, அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன்.

அடி. நன்றாய்த் தெரிகிற மாதிரி அடி. அடித்துவிட்டு இப்படிக் கொடு.